எண்ணியல் பாறை ஆய்வு

எண்ணெயையோ எரிவாயுவையோ நீரையோ தேக்கிவைத்திருக்கும் பாறையின் நுண்துளைகளை எக்ஸ் கதிரால் முப்பரிமாணப் படமாக்கி, அவற்றின் வழியே பாய்மம் ஓடும் விதத்தைக் கணினியில் கணக்கிடும் துறை. கிணற்றிலிருந்து வெட்டியெடுக்கும் கோர் உருளைகளின் ஆய்வகச் சோதனைக்கு இது துணையா, மாற்றா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

துறையின் தொடக்கம் பலவாறாகக் கூறப்படுகிறது. மணலில் நீர் ஊடுருவும் விதியை டார்சி 1856இல் வெளியிட்டார். ஆர்ச்சி 1942இல் பாறையின் மின்தடையை அதன் துளைவெளி விகிதத்தோடு இணைத்தார். இர்விங் ஃபாட் 1956இல் துளைகளையும் அவற்றுக்கிடையிலான குறுகிய கழுத்துகளையும் வலைப்பின்னலாகக் கொண்டு, அதை மின்தடைச் சுற்றாகவே அமைத்து அளந்தார். மாதிரியாக்கத்தை முதன்மையாகக் கருதுவோர் இதிலிருந்தும், படமெடுப்பை முதன்மையாகக் கருதுவோர் 1987இல் வெளியான நுண்சி.டி. முறையிலிருந்தும் வரலாற்றைத் தொடங்குவர்.

மருத்துவமனை சி.டி. கருவிகளில் 1980களில் ஷெல் ஆய்வாளர்கள் கோர்களை வைத்துப் பார்த்தனர். எண்ணெயும் நீரும் நகர்வது தெரிந்தது. ஆனால் மைக்ரோமீட்டர் அளவிலான துளைகள் தெரியவில்லை. சின்க்ரோட்ரான் எனும் துகள் முடுக்கியின் எக்ஸ் கதிரைக் கொண்டு எக்ஸான் நிறுவனத்தின் ஃபிளானரி குழு 1987இல் வெளியிட்ட நுண்சி.டி. முறை அந்தக் குறையைப் போக்கியது.

1990களில் துறையை முன்னகர்த்தியது, பாறையோடு தொடர்பே இல்லாத ஒரு பழைய அட்டவணை. லண்டன் பர்க்பெக் கல்லூரியில், திரவங்களின் அமைப்பை அறிய விரும்பிய இயற்பியலாளர் பெர்னாலின் வழியில், ஜான் ஃபின்னி சுமார் 8,000 எஃகுக் குண்டுகளை ஒழுங்கின்றிக் குவித்து, ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் அளந்து 1970இல் வெளியிட்டார். இருபதாண்டு கழித்து ஸ்டீவன் பிரையன்டும் உடன் பணியாற்றியோரும் அந்த எண்களை எடுத்துக்கொண்டனர். மணல் மணியின் மேல் குவார்ட்ஸ் படிந்து துளை சுருங்குவதைப் போலக் கணினியில் குண்டுகளைப் பருக்கவைத்து, பிரான்சின் ஃபோன்டென்புளோ மணற்கல்லின் ஊடுருவுதிறனைக் கணித்தனர். ஏறத்தாழ ஒரே அளவு குவார்ட்ஸ் மணிகளாலான அந்தக் கல்லின் அளவீடுகளோடு கணிப்பு நன்கு பொருந்தியது. பொருத்தத்துக்காக எந்த மாறிலியையும் திருத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நார்வேயின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயிலில் பாக்கேயும் ஓரெனும் 1997இல் இதை விரிவாக்கினர். மணி படிவது, இறுகுவது, சிமெண்டேறுவது என்று கல் உருவாகும் வரிசையையே கணினியில் நடத்தினர். பாறையின் மெல்லிய வெட்டுத்துண்டின் புள்ளியியலிலிருந்து துளைகளை மீட்டுருவாக்கும் பிரெஞ்சு முறை இதற்கு முந்தியது. துளைகளின் இணைப்பை அது குறைத்துக் காட்டுகிறது என்பர். எல்லாப் பாறைக்கும் இக்குறை பொருந்துமா என்பது முடிவாகவில்லை.

சாம்பல் நிறப் படத்தில் எது மணி, எது துளை என்று பிரிக்கும் எல்லையை ஆய்வாளரே தீர்மானிக்கிறார். 2013இல் வெளியான ஒப்பீட்டில், ஒரே படங்களைப் பிரித்த குழுக்களின் முடிவுகள் வேறுபட்டன. பெரிய துளையும் மிக நுண்ணிய துளையும் கலந்த சுண்ணாம்புக்கல்லில் சிக்கல் கூடுதல். சில மில்லிமீட்டர் துண்டு, கிலோமீட்டர்க் கணக்கில் பரந்த பாறைக்குச் சான்றாகுமா என்ற ஐயமும் தொடர்கிறது.

ஒரு பாய்மம் மற்றொன்றைத் தள்ளும்போது துளைக்குத் துளை திடீரென்று தாவும் என்று ஹைன்ஸ் 1930இல் விவரித்தார். பாறைக்குள் அத்தாவல்கள் நிகழ்வதை 2013இல் சுவிட்சர்லாந்து சின்க்ரோட்ரானில் படமெடுத்தனர்.

எண்ணெய்த்துறைச் சேவை நிறுவனமான ஹாலிபர்ட்டன், எண்ணியல் பாறை ஆய்வு நடத்தும் இன்கிரெய்ன் நிறுவனத்தை 2017இல் வாங்கியது. டெக்சஸ் பல்கலைக்கழகம் பாறைப் படங்களுக்கான பொதுத் தளமொன்றை நடத்துகிறது. படம் பிரிப்பதில் இயந்திரக் கற்றலும், கார்பன் டை ஆக்சைடைப் பாறையில் சேமிக்கும் ஆய்வும் அண்மைப் போக்குகள்.