சிங்கப்பூரில் வேலை கிடைச்சாச்சு... எங்கே தங்குவது?

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் பலர் முதலில் விசாரிப்பது தேக்காவைத்தான். மெஸ், கோயில், தமிழ்க் கடை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது, கையில் என்ன பாஸ் இருக்கு என்பதை.

கட்டுமான வேலைக்கான வொர்க் பர்மிட் என்றால், ஹெச்டிபி எனும் அரசுக் குடியிருப்பில் தங்க முடியாது. தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு, பெரும்பாலும் டார்மிட்டரிதான்.

எஸ் பாஸ், இ பாஸ் உள்ளவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். அதிலும் ஒரு சிக்கல். முழு வீடு என்றால் வெளிநாட்டவருக்கு கோட்டா: ஒரு பிளாக்கில் 11 சதவீதம், சுற்றுவட்டாரத்தில் 8 சதவீதம். மலேசியர்களுக்கு இது கிடையாது. தனி ரூமுக்கும் கிடையாது.

குறைந்தது 6 மாத ஒப்பந்தம் போடணும். ஹெச்டிபி அனுமதி இல்லாமல் ஓனர் வாடகைக்கு விட்டிருந்தால், மூட்டையைக் கட்ட வேண்டியது குடியிருப்பவர்தான். கொடுத்த அட்வான்ஸும் சிக்கலாகிடும். அதனால் அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வேலை ஜூரோங்கில் என்றால் அந்தப் பக்கமே ரூம் பார்ப்பது நல்லது. தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை எம்ஆர்டியில் போய் வந்துக்கலாம்.