வன்தட்டின் வேகமும் தாமதமும்

கணிப்பொறி இன்று நம் இல்லங்களில் ஒரு பெட்டகமாகவே ஆகிவிட்டது. சொந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஊரிலுள்ள பெரியோர்களின் நிழற்படங்கள், மணவிழாக் காட்சிகள், நிலப் பத்திரங்களின் நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் யாவும் அப்பொறியின் உள்ளே சுழலும் ஒரு தட்டில் அடங்கியிருக்கின்றன. அந்த வன்தட்டு ஒரு நாள் மெத்தனம் கொள்ளத் தொடங்குகிறது. முன்பு நொடியில் திறந்த படம் இப்போது நிமிடக் கணக்கில் காக்க வைக்கிறது. உடனே சிலர் புதிய பொறி வாங்கப் புறப்படுகின்றனர். சிலர் கேள்விப்பட்ட வைத்தியங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்க்கின்றனர். இரண்டுக்கும் முன்னர் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தட்டின் தாமதம் ஒரே வகைப்பட்டதன்று. பல காரணங்களால் அது விளைவது. அக்காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவது வன்தட்டின் வரலாறேயாகும்.

அமெரிக்காவில் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். நிறுவனம் 1952-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்தது. அதன் தலைவராக அமர்ந்தவர் ரெனால்ட் ஜான்சன். முன்னாளில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். அக்காலத்தில் செய்திகள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் வைக்கப்பட்டன. நாடாவின் கடைக்கோடியில் உள்ள ஒரு செய்தியை அடைய முழு நாடாவையும் ஓட்டியாக வேண்டும். இசைத்தட்டின் நிலை வேறு. முள்ளைத் தூக்கி நாம் விரும்பும் பாட்டின் மேல் நேரே வைத்துவிடலாம். செய்திகளையும் அவ்வாறே சுழலும் தட்டில் எழுதி, வேண்டிய இடத்தை நேரே தொடலாமே என்பதுதான் அக்கூடத்தினர் கண்ட வழி.

1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்வெண்ணம் வடிவம் பெற்று வெளிவந்தது. ராமாக் என்னும் அப்பொறியின் தட்டுப் பகுதியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டிருந்தன. நிமிடத்துக்கு 1,200 முறை அவை சுழன்றன. எடையோ ஒரு டன்னுக்கு மேல். அத்தனை பெரிய உருவத்துள் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்றைய கணக்கில் அது 4 மெகாபைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே பெரும்பாலும் அந்த இடத்தை நிரப்பிவிடும். படிக்கும் முனையைத் தாங்கிய கரம் மேலும் கீழுமாக ஏறி இறங்கி உரிய தகட்டை அடைந்து, பின்னர் உள்ளே நுழைந்து செய்தியைத் தொடும். அதற்குச் சராசரியாக 600 மில்லி வினாடி பிடித்தது. அரை வினாடிக்குச் சற்றே மேல்! அந்நாளில் அது பெரும் வேகமாகவே போற்றப்பட்டது.

இங்கே ஒரு கணக்கைக் கருத்தில் கொள்ளுதல் நலம். இன்று 20 டெராபைட்டுக்கு மேலும் கொள்ளும் வன்தட்டுகள் உண்டு. முதல் தட்டோடு ஒப்பிட, கொள்ளளவு ஐம்பது இலட்சம் மடங்குக்கு மேல் வளர்ந்துள்ளது. ஆனால் ஓரிடத்துச் செய்தியைச் சென்று தொடும் நேரம் 600 மில்லி வினாடியிலிருந்து ஏறத்தாழ 13 மில்லி வினாடிக்கே குறைந்துள்ளது. அதாவது நாற்பது, ஐம்பது மடங்கு முன்னேற்றந்தான். களஞ்சியம் மலையளவு பெருத்தது. அதனுள் நடந்து சென்று எடுத்துவரும் ஆளின் நடை மட்டும் அவ்வளவு விரைவு பெறவில்லை. வன்தட்டின் பிறவிக் குறை இதுவே.

இக்குறை ஏன் நீங்கவில்லை என்று கேட்கலாம். தட்டில் எழுதுவது காந்தத்தின் வேலையாயினும், இடத்தைத் தேடுவது இயந்திரத்தின் வேலை. முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர வேண்டும். நகர்ந்த பின்னும் வேண்டிய பகுதி சுழன்று தன் கீழே வரும் வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி கொள்கிறது. சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. நகர்வு நேரத்தையும் சேர்த்தால் வினாடிக்கு எண்பது முறைக்குள்தான் இடம் மாறிப் படிக்க இயலும். ஒரே தொடராக உள்ள செய்தியாயின் அதே தட்டு வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் வாரி வழங்கும். அதுவே 4 கிலோபைட் துண்டுகளாக அங்குமிங்கும் சிதறிக் கிடந்தால் வினாடிக்கு 300 கிலோபைட்டை எட்டுவதே அரிது. தட்டு ஒன்றே. வேறுபாடோ முந்நூறு மடங்குக்கு மேல்!

இயந்திரத்தின் இவ்வெல்லையை விரிவாக்கப் பொறியியலார் அயராது உழைத்தனர். 1961-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 1301 என்னும் தட்டில் ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனி முனை வந்தது. தகடு சுழலும்போது எழும் காற்றுப் படலமே முனையைத் தாங்கி மிதக்கச் செய்தது. ஏறி இறங்கும் கரம் ஓய்வு பெற்றது. 1973-இல் வின்செஸ்டர் என்று பெயர் பெற்ற 3340 வந்தது. முனைகளையும் தகடுகளையும் தூசி புகாத ஒரே உறையில் மூடி வைத்த அமைப்பு அது. இன்று நம் இல்லத்தில் உள்ள வன்தட்டு அந்த மரபில் வந்ததே. 1980-இல் சீகேட் நிறுவனம் 5¼ அங்குல அளவில் 5 மெகாபைட் தட்டை வெளியிட்டது. 1983-இல் ஐ.பி.எம்.மின் எக்ஸ்.டி. கணிப்பொறி 10 மெகாபைட் தட்டுடன் மேசை மீது வந்து அமர்ந்தது. அன்று தொடங்கிற்று சாதாரண மனிதரின் ‘ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?’ என்னும் கேள்வி.

அந்த முதல் தலைமுறைத் தட்டுகளில் ஒரு விந்தை இருந்தது. ஒவ்வொரு தடமும் 17 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பகுதியைப் படித்து முடித்த கட்டுப்பாட்டுப் பலகை அதை ஒப்படைத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த பகுதி சுழன்று கடந்துபோய்விடும். பின்னர் ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ராட்டினத்தில் சுற்றி வருவோரிடம் கடிதம் வாங்கும் ஒருவர், முதற்கடிதத்தைப் பையில் இடுவதற்குள் இரண்டாமவர் கடந்துவிடுவதைப் போன்றது இது. ஆகவே அடுத்தடுத்த எண்களை அடுத்தடுத்து வைக்காமல் இடைவிட்டு அமைத்தனர். எக்ஸ்.டி.யில் அவ்விடைவெளி ஆறு. ஒரு தடத்தை முற்றும் படிக்க ஆறு சுற்றுகள் ஆயின. வேகத்தை விரும்பி இடைவெளியை அளவு மீறிக் குறைத்தவர்களுக்குச் சுற்றுகள் பதினேழாகப் பெருகின! பொறியின் ஆற்றலுக்கும் தட்டின் சுழற்சிக்கும் பொருத்தம் இல்லையேல், விரைவுபடுத்தும் முயற்சியே தாமதத்தை வளர்க்கும் என்பது அக்காலம் கற்பித்த பாடம்.

இரண்டாவது பாடம் சிதறல் பற்றியது. கோப்புகளை எழுதுவதும் அழிப்பதும் நாளும் நடப்பவை. அழித்த இடங்களில் சிறு சிறு காலியிடங்கள் தோன்றுகின்றன. புதிதாக வரும் பெரிய கோப்பு ஒரே இடத்தில் அமர இயலாமல் துண்டு துண்டாகப் பல இடங்களில் அமர்கிறது. அதைப் படிக்க முனை அலைகிறது. இதற்கு மருந்தாகத் துண்டுகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள் வந்தன. 1993-இல் வெளியான எம்.எஸ். டாஸ் 6 அதைத் தன் அங்கமாகவே கொண்டிருந்தது. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, கேளாமலேயே வாரந்தோறும் இவ்வொழுங்கு நடைபெறும் ஏற்பாடு அமைந்தது. எனவே சிதறலையே எல்லாத் தாமதத்துக்கும் காரணமாகக் கொள்ளும் பழைய வழக்கம் இன்று பொருந்தாது.

மூன்றாவது வகைத் தாமதம் இரவல் தாமதம் எனலாம். கணிப்பொறியின் நினைவகம் போதாதபோது, அதில் உள்ளவற்றில் ஒரு பகுதி தட்டில் இறக்கி வைக்கப்படுகிறது. வேண்டும்போது மீண்டும் ஏற்றப்படுகிறது. ஏற்றுவதும் இறக்குவதுமே முழுநேர வேலையாகிவிட்டால், உருப்படியான பணி எதுவும் நடவாது. இந்நிலையை 1968-இல் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் ஆராய்ந்து விளக்கினார். இங்கே குற்றவாளி தட்டன்று, நினைவகத்தின் பற்றாக்குறையே. ஆயினும் விடாது மின்னும் தட்டின் விளக்கைக் கண்டு நாம் தட்டையே நொந்துகொள்கிறோம்.

நான்காவது, பாதையில் நேரும் தாமதம். தட்டுக்கும் கணிப்பொறிக்கும் இடையே செல்லும் கேபிள் பழுதுற்றால் செய்தி பிழையோடு சேர்கிறது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இத்தகைய பிழைகள் ஆறு சேர்ந்தவுடன் போக்குவரத்தின் வேகத்தை ஒரு படி தாழ்த்தும். பிழைகள் மேலும் தொடர்ந்தால், ஒவ்வொரு செய்தியையும் மத்தியச் செயலகமே சுமந்து செல்லும் பழைய முறைக்கே இறங்கிவிடும். காரணம் நீங்கிய பின்னும் வேகம் தானாக மீளாது. வினாடிக்கு 100 மெகாபைட் செல்லத்தக்க பாதையில் 16 மெகாபைட்டோ அதனினும் குறைவாகவோ ஊர்ந்த பொறிகள் அக்காலத்தில் பல. புதுக் கேபிள் ஒன்றை மாட்டி, அமைப்பைத் திருத்தியதும் அவை மீண்டும் ஓடின.

ஐந்தாவது வகையே அஞ்சத்தக்கது. அது நோயினால் வரும் தாமதம். தகட்டின் ஒரு பகுதி நலிவுற்றால், தட்டு உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. அதே இடத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கிறது. ஒரே பகுதிக்குப் பல வினாடிகள் செலவிடுவதும் உண்டு. நம் கண்ணுக்கு அது வெறும் மந்தமாகத் தோன்றுகிறது. உண்மையில் அது நோயாளியின் மூச்சுத்திணறல். இதை முன்னரே அறிவிக்கும் வழியாக 1990-களில் ஸ்மார்ட் என்னும் தற்காணிப்பு முறை வகுக்கப்பட்டது. கெட்ட பகுதிகளுக்கு மாற்றாக எத்தனை பகுதிகள் ஒதுக்கப்பட்டன, படிக்க இயலாமல் எத்தனை பகுதிகள் காத்திருக்கின்றன என்ற எண்ணிக்கைகளைத் தட்டு தானே குறித்து வைக்கிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் சிறு மென்பொருள்களால் இக்குறிப்பைப் படித்துவிடலாம்.

நேயர்களே! இந்த ஐந்து வகைகளையும் வேறுபடுத்தி அறியாததால் விளையும் கேடு சிறிதன்று. நோயுற்ற தட்டைச் சிதறல் கொண்ட தட்டென மயங்கி, துண்டுகளைச் சேர்க்கும் மென்பொருளை ஏவுகிறோம். அது தட்டு முழுவதையும் கிளறுகிறது. படிக்கவும் எழுதவும் ஓயாது பணிக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவரை மலையேறச் சொல்வதை ஒக்கும் இது. இன்னும் சில நாட்கள் தாங்கியிருக்கக்கூடிய தட்டு அவ்வுழைப்பிலேயே ஓய்ந்துபோகலாம். அதனுடன் பெற்றோரின் படங்களும் மறைந்துபோகலாம். தகடு தேய்ந்த பின் அவற்றை மீட்பது பெரும்பொருட் செலவு. மீளும் என்னும் உறுதியும் இல்லை.

ஆகவே வரிசை முக்கியம். தாமதம் கண்டவுடன் முதற்கண் செய்யத்தக்கது, இழக்க ஒண்ணாத கோப்புகளை வேறொரு தட்டில் பிரதி எடுத்தல். இரண்டாவது, தற்காணிப்புக் குறிப்பைப் படித்தல். காத்திருக்கும் பகுதிகளோ மாற்றப்பட்ட பகுதிகளோ நாளுக்கு நாள் பெருகுமாயின், வேறு வைத்தியம் வேண்டா. தட்டை மாற்றுவதே முறை. குறிப்பு நலமாக இருப்பின் கேபிளைப் பார்க்கலாம். பின்னர் நினைவகம் போதுமா என்றும், தட்டு நிரம்பி வழிகிறதா என்றும் ஆராயலாம். சிதறலை நீக்குவது இவற்றுக்கெல்லாம் பிறகே. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி அன்றோ?

இனி ஒரு சொல். சுழலும் தட்டின் பிறவிக் குறைக்கு மாற்று, சுழலாத நினைவகமே. 1980-களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டார். அதனைக் கொண்டு ஆக்கிய எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைச் சேமிப்பகம் 2008-ஆம் ஆண்டை ஒட்டி இல்லக் கணிப்பொறிகளை எட்டலாயிற்று. அதில் நகரும் கரம் இல்லை. சுற்றுக் காத்திருப்பும் இல்லை. பழைய பொறியாயினும், இயக்கு மென்பொருளை அதில் வைத்தால் புத்துயிர் பெற்றதுபோல் விரைகிறது. துண்டுகளைச் சேர்க்கும் வேலையும் அதற்கு வேண்டியதில்லை. அடிக்கடி எழுதுவதால் தேய்மானமே மிஞ்சும். எனினும் அதுவும் அழிவற்றதன்று. முன்னறிவிப்பின்றி ஓய்ந்துவிடுதலும் அதற்கு உண்டு.

ஒரு டன் எடையுள்ள ராமாக் காலம் முதல் உள்ளங்கையில் அடங்கும் இன்றைய தட்டு வரை, வேகம் மாறியது, உருவம் மாறியது. ஒரே பிரதியில் அனைத்தையும் நம்பி வைப்பது ஆபத்து என்னும் நிலை மட்டும் மாறவில்லை. பெட்டகம் திறக்கத் தாமதிக்கும் நாளில் அதைத் தட்டி உடைக்க முனையாமல், உள்ளிருப்பதை முதலில் காப்பாற்றிக்கொள்வோமாக.