ஃப்ளாட் வாங்குறதுக்கு முன்னாடி இடத்தோட ஹிஸ்டரி கேளுங்க: மாம்பலம் ஏரியின் கதை

1/ போன மாசம் நானும் மனைவியும் மேற்கு மாம்பலத்துல ஒரு ஃப்ளாட் பார்க்கப் போனோம். தரைத்தளம், ரெண்டு பெட்ரூம், ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்குற தூரம். வழியில ஒரு பலகை: லேக் வியூ ரோடு. "லேக் எங்க சார்?"னு புரோக்கர்கிட்ட கேட்டேன். சிரிச்சார். "அதெல்லாம் அந்தக் காலம் சார். பத்திரம் கிளியரா இருக்கு."

அந்த லேக் எங்க போச்சுங்கறதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2/ நூறு வருஷத்துக்கு முன்னாடி சென்னையின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. வெள்ளைக்காரன் வரைபடத்தில் அதுக்குப் பேர் 'லாங் டேங்க்'. நுங்கம்பாக்கம் பக்கம் ஆரம்பிச்சு, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே பிறை மாதிரி வளைஞ்சு, சைதாப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடந்தது. நுங்கம்பாக்கம் ஏரி, மாம்பலம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என்று பகுதிக்கு ஒரு பேர்.

3/ ஏரின்னா சும்மா தண்ணி தேங்கின பள்ளம் இல்லை. மழையைப் பிடிச்சு வைக்கும், வயலுக்குக் கொடுக்கும், மிச்சத்தை ஆத்துக்கு அனுப்பும். இங்கே மிச்சம் போக வேண்டிய இடம் அடையாறு. இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்குங்க, கடைசியில வேணும்.

4/ 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஊர்ல ஜனம் பெருகுது, வீடு பத்தல. அப்போ ஆட்சியில் நீதிக்கட்சி, முதலமைச்சர் பனகல் அரசர். 1923 வாக்கில் மாம்பலத்தில் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. ஏரியை வடிச்சு மனை போட்டாங்க. 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயர் பேரில் உருவானதுதான் தியாகராய நகர். நம்ம தி.நகர்.

5/ அவங்களைத் திட்ட இதை எழுதல. நடுவுல பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், மரம். அந்தக் காலத்துக்கு நல்ல திட்டம்தான். வீட்டுத் தேவையும் நிஜம். நடேசன் பூங்கா யார் பேர்ல இருக்கு தெரியுமா? டாக்டர் சி.நடேச முதலியார். வெளியூரில் இருந்து படிக்க வந்த பிராமணரல்லாத பசங்களுக்கு விடுதி கிடைக்காத காலத்தில், திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' நடத்தினவர். தங்க இடம் இல்லாத கஷ்டம் தெரிஞ்ச தலைமுறை அது.

6/ உஸ்மான் ரோடு, ஜி.என்.செட்டி ரோடு, டாக்டர் நாயர் ரோடு, பனகல் பார்க்... தி.நகர் தெருக்கள் மனுஷங்களை நல்லாவே ஞாபகம் வச்சிருக்கு. ஏரியை ஞாபகம் வச்சிருக்குற பலகைகள் கொஞ்சம்தான்: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிக்கிறதும் பழைய ஏரி நிலத்தில்தான்.

7/ 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சதும் மாம்பலத்துக்கு இன்னும் ஜனம் வந்தது. தண்டவாளத்துக்குக் கிழக்கே தி.நகர், மேற்கே மேற்கு மாம்பலம். கிழக்குக்குப் பேர் புடவைக்கடை, நகைக்கடை. மேற்குக்கு ரொம்ப காலம் வேற பேர்: கொசு, யானைக்கால்.

8/ இங்கதான் என் தொழில் உள்ள வருது. யானைக்கால் நோயைப் பரப்புறது க்யூலெக்ஸ் கொசு. அது முட்டையிடுறது தேங்கி நிக்கிற அழுக்குத் தண்ணியில. ஒரு கடி, ரெண்டு கடியில இந்த நோய் பொதுவா வராது. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா திரும்பத் திரும்பக் கடி வாங்கணும். அதாவது, அந்த இடத்துல *குடியிருக்கணும்*. இது முகவரியால வர்ற நோய்.

9/ புழுவின் குஞ்சுகள் ராத்திரியிலதான் ரத்தத்தில் சுத்தும். அதனால 1955-ல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்த பிறகு, ஊழியர்கள் ராத்திரியில வீடு வீடாப் போய் விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. மருந்து, கொசு ஒழிப்பு எல்லாம் சேர்ந்து இன்னைக்கு நோய் ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனா தடிச்சுப்போன கால் பழையபடி ஆகாது. தினம் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைச்சு, உயர்த்தி வைக்கணும். ஆயுசுக்கும்.

10/ எங்க ஓபிக்கு அப்படி ஒரு பாட்டி வருவாங்க. கல்யாணம் ஆகி மாம்பலம் வந்தவங்க. வீட்டுல தண்ணி நிக்குமான்னு கேட்டேன். "நிக்காது கண்ணு. உள்ள வந்து உக்காந்துக்கும்"னாங்க. லேக் வியூ பலகையைப் பார்த்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கால்தான்.

11/ இப்ப அந்த ஒரு வரிக்கு வருவோம். ஏரி போச்சு, ஆனா சரிவு போகல. நுங்கம்பாக்கம் பக்கத்துத் தண்ணி இன்னைக்கும் மாம்பலம் கால்வாய் வழியா தி.நகரைத் தாண்டி, நந்தனம் பக்கம் அடையாறு சேரணும். கால்வாய் அடைச்சாலோ, ஆறு ரொம்பி எதிர்த்தாலோ தண்ணி எங்க போகும்? பழைய வீட்டுக்குத்தான். 2015 டிசம்பர்லயும் 2021 நவம்பர்லயும் பார்த்தோமே.

12/ சரி, வாங்குறவங்க என்ன பண்ணணும்? வில்லங்கச் சான்று யார் யாருக்கு வித்தாங்கன்னு சொல்லும். தண்ணி எங்க நின்னுச்சுன்னு சொல்லாது. பேங்க் வக்கீல் கிளியர்னு சொன்னா கடன் கிடைக்கும், அவ்வளவுதான். பழைய சர்வே வரைபடத்தில் அந்த எண் ஏரியா, வாய்க்காலா, நஞ்சையான்னு பாருங்க. மூலப்பத்திரத்தில் நான்கெல்லை படிங்க. எல்லையில வாய்க்கால்னு இருந்தா, அது இப்ப எங்கன்னு தேடுங்க.

13/ அப்புறம் ஆள்கிட்ட கேளுங்க. இஸ்திரி போடுற அண்ணன், பால் போடுறவர், எதிர்வீட்டுப் பாட்டி. "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்தது?" இந்த ஒரு கேள்வி போதும். நாங்க கேட்டப்ப இஸ்திரி அண்ணன் கையை இடுப்புகிட்ட வச்சுக் காட்டினார். புரோக்கர் போனை எடுத்துப் பேச ஆரம்பிச்சுட்டார்.

14/ அந்தத் தரைத்தளத்தை வேணாம்னுட்டோம். அதே பேட்டையில ரெண்டாவது மாடி பார்த்திருக்கோம். ஆனா ஒரு உறுத்தல். அந்தக் கட்டடத்துல வாட்ச்மேன் குடும்பம் இருக்குறது கார் பார்க்கிங் ஓரத்து அறையில. நான் மாடி ஏறிட்டா தண்ணி நிக்காமப் போகாது. என்னைவிட வசதி குறைஞ்சவர் வீட்டுல நிக்கும்.

15/ ஊரளவுலயும் அதே கதைதான். வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில இருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினாங்க. பெரும்பாக்கம் இருக்குறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி. ஒரு பள்ளத்துல இருந்து எடுத்து இன்னொரு பள்ளத்துல.

16/ நோயாளி வந்து உட்கார்ந்ததும் நாங்க முதல்ல கேட்கிறது ஹிஸ்டரி. எப்ப இருந்து? முன்னாடி என்ன இருந்தது? ஆயுசு முழுக்க இ.எம்.ஐ கட்டப்போற வீட்டுக்கும் அதையே கேளுங்க. வாங்கினப்புறம் அசோசியேஷன் மீட்டிங்கில் பெயிண்ட் கலர் பேசும்போது, பின்னாடி ஓடுற கால்வாயைப் பத்தியும் ஒரு வார்த்தை பேசுங்க.

உங்க தெருவுக்கு ஏரி, குளம், வாய்க்கால், மதகுன்னு பேர் இருந்தா கீழ சொல்லுங்க. முற்றும்.