மரத்துண்டும் மணற்கடிகையும்
(ஒல்லாந்த வணிகக் கப்பல்களின் கடல்வழி பற்றிய ஒரு நோக்கு)

ஒல்லாந்தரின் கீழைத்தேய வணிக வரலாறு பெரும்பாலும் வாசனைத் திரவியங்களின் விலையையும் கோட்டைகளின் பெயர்களையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வணிகத்தைத் தம் உடலுழைப்பாற் சுமந்த மாலுமிகள் அதில் அருகியே இடம்பெறுவர். 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளிற் பத்து இலட்சத்துக்கு அண்மித்த மக்களை ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்களுட் பாதிக்கும் குறைவானோரே தாயகம் மீண்டனர்.

கப்பலில் மாலுமிகளும் போர்வீரரும் தாழ்ந்த தளங்களிலே நெருங்கி உறங்கினர். உப்பிட்ட இறைச்சி, உலர்ந்த ரொட்டி, பயறு ஆகியனவே உணவு. நாட்பட நாட்பட நீர் நாறிற்று. பசிய உணவின்மையாற் பல்லீறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கேவி நோய் பலரைக் கொன்றது. ஆதலின் பயணம் நீளும் ஒவ்வொரு வாரமும் உயிர்களை விலையாகக் கேட்டது.

தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனையைக் கடந்த கப்பல்கள் வடகிழக்கே திரும்பி, காற்றற்ற கடல்களிற் சிக்கி, ஜாவாவை அடைய ஓராண்டு வரை எடுப்பதுண்டு. 1611இல் ஹென்றிக் புறூவர் என்பார் முனைக்குத் தெற்கே இறங்கி, அங்கு ஓயாது வீசும் மேலைக்காற்றைப் பற்றிக் கிழக்கே நெடுந்தூரம் ஓடி, பின்னர் வடக்கே திரும்பினார். அவரது பயணம் ஆறு மாதத்துள் முடிந்தது. சில ஆண்டுகளுள் கம்பனி அவ்வழியைக் கட்டாயமாக்கியது.

இவ்விடத்தேதான் சிக்கல் எழுந்தது. வடக்கே திரும்பவேண்டிய இடத்தை எவ்வாறு அறிவது? சூரியனின் உயரத்தை அளந்து அகலக்கோட்டை அறிய முடிந்தது. நெடுங்கோட்டை அறியக் கருவி இல்லை. கப்பலின் முற்புறத்தில் ஒரு மரத்துண்டை நீரில் இட்டு, அது பிற்புறத்தை அடைய எடுக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணித்தனர். அரைமணி மணற்கடிகையைத் திருப்பித் திருப்பிப் பொழுதை எண்ணினர். இவ்விரண்டையும் பெருக்கிப் பெற்ற தூரமே கப்பலின் இருப்பிடமாகக் கொள்ளப்பட்டது. நாடோறும் நேரும் சிறு பிழைகள் வாரக்கணக்கிற் குவிந்து பெரும் பிழையாயின.

உரிய வேளையில் திரும்பாத கப்பலுக்கு முன்னே அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரை கிடந்தது. 1629 யூன் 4ஆம் நாள் விடியுமுன் 'பட்டேவியா' என்ற கப்பல் ஹவுட்மன் அப்ரோலஸ் பாறைகளில் மோதிற்று. முன்னே தெரிந்த வெண்ணுரை நிலவொளியெனக் கருதப்பட்டது. அப்பாறைகள் 1619இலேயே கண்டறியப்பட்டிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. ஆபத்து எங்குள்ளது என்பது தெரிந்திருந்தது. தாம் எங்குள்ளோம் என்பதுதான் தெரியவில்லை. தப்பித் தீவுகளில் ஒதுங்கியோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் பின்னர்க் கலகக்காரராற் கொல்லப்பட்டனர். 1656, 1712, 1727 ஆகிய ஆண்டுகளிலும் இதே கரையோரத்திற் கம்பனிக் கப்பல்கள் அழிந்தன.

1761இற் கடலிற் சோதிக்கத் தொடங்கப்பட்ட ஜோன் ஹரிசனின் நான்காம் கடிகாரமே, கடல் நடுவிலும் நெடுங்கோட்டை நம்பிக்கையுடன் கணிக்கலாம் என்பதை நிறுவியது. எனினும், விலை மிகுதியால் அத்தகைய கருவிகள் வணிகக் கப்பல்களுக்கு எளிதில் எட்டவில்லை.

புறூவரின் வழி நோயின் நாட்களைக் குறைத்தது உண்மையே. ஆயினும் விரைவின் ஊதியம் கம்பனிப் பங்காளரைச் சேர்ந்தது. கணக்குப் பிழையின் தண்டம் கீழ்த்தளத்தில் உறங்கியோரைச் சேர்ந்தது. கறுவா மூட்டையின் விலையைக் கணக்கிடும் வரலாற்று மாணவன் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.