ஒரு குடும்பத்தின் குறிப்பேடு

மன்னர்தம் படையெடுப்புகளை நாள் தவறாது உரைக்கும் வரலாற்று நூல்கள், ஒரு மரம் எந்நாளில் துளிர்த்தது என்பதை உரைப்பதில்லை. சிறு செய்தி என அதனை நாமும் ஒதுக்கிவிடுகிறோம். அச்சிறு செய்தியையே தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த ஒரு குடும்பத்தை ஈண்டு நினைவுகூர விழைகிறோம்.

பருவங்களைக் கவனித்தல் புதிய கலையன்று. ஸ்பெயினில் கி.பி. 961ஐ ஒட்டி, கலீஃபா இரண்டாம் அல்ஹகமின் காலத்தில் உருவான குர்துபா நாட்காட்டி, எம்மாதத்தில் எவ்வேளாண் பணி நிகழும் என்பதை முறைப்படுத்திக் கூறிற்று. ஆயினும் அது வழக்கத்தைக் கூறும் ஏடு. ஆண்டுதோறும் உண்மையில் எந்நாளில் நிகழ்ந்தது என்று எழுதி வந்தாலன்றி மாறுதல் புலப்படாது.

அவ்வாறு எழுதத் தொடங்கியவருள் ஒருவர், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 1708இல் பிறந்த ராபர்ட் மார்ஷம். நிலக்கிழாரான அவர் மரம் வளர்ப்பதில் பெருவிருப்புடையவர். 1736 முதல் ஓக் மரம் இலைவிட்ட நாள், தவளை கத்திய நாள், தகைவிலான் குருவி வந்த நாள், பாரசீகக் கவிஞர்கள் புல்புல் எனப் போற்றிய நைட்டிங்கேல் முதன்முதல் பாடிய நாள் என 27 அறிகுறிகளைக் குறித்து வந்தார். 'வசந்தத்தின் அறிகுறிகள்' என்னும் பெயரில் அவற்றை 1789இல் ராயல் சொசைட்டி வெளியிட்டது. இத்துறைக்கு 'ஃபீனாலஜி' என்ற பெயரே 1849இல்தான் பெல்ஜியத் தாவரவியலறிஞர் சார்ல்ஸ் மோரனால் வழங்கப்பட்டது.

மார்ஷம் 1797இல் மறைந்தார். ஆனால் ஏடு மூடப்படவில்லை. அவர் வழிவந்தோர் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர். இதனால் என்ன பயன் என அவர்களைக் கேட்டிருந்தால், விடை கூற இயன்றிருக்குமா என்பது ஐயமே. விடை பின்னர் வந்தது. 1995இல் ஸ்பார்க்ஸ், கேரி என்னும் ஆய்வாளர் இருவர் அக்குறிப்புகளை வெப்பநிலைப் பதிவுகளுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மரங்கள் முந்தித் துளிர்ப்பது எண்களால் உறுதியாயிற்று.

முந்தினால் என்ன கேடு என்று கேட்கலாம். ஓக் துளிர்த்தால் அதனை உண்ணும் புழுக்கள் பெருகும். அப்புழுக்களே குஞ்சுகளின் இரை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் ஒருவகை ஈப்பிடிப்பான் குருவி, அங்கே வசந்தம் முந்திவிட்டதை அறியாது. அது வந்து குஞ்சு பொரிப்பதற்குள் புழுக்காலம் கடந்துவிடுகிறது. நெதர்லாந்தில், இரை மிக முந்தித் தோன்றும் காடுகளில் அக்குருவிகள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துவிட்டதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

இழந்த பொருளை மீண்டும் தேடிக்கொள்ளலாம். எழுதாமல் விட்ட ஓராண்டின் வசந்தத்தை எந்த அறிஞராலும் மீட்க இயலாது. மார்ஷம் குடும்பத்தார் விட்டுச்சென்ற செல்வம் அவர்தம் நிலமன்று. சில வரிகளும் தேதிகளுமே. பேரர்க்குப் பயன்படும் என்றறியாமலே பாட்டனார் எழுதும் ஒரு வரியைச் சிறிதென நாம் எவ்வாறு தள்ளுவோம்?