ரூபாய்க்கு 87 காசு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். மல்லாட்டை (நிலக்கடலை) நன்றாகக் காய்த்து வீடு வந்து சேர்ந்த வருஷம் எது என்று இந்த ஊரில் யாரையும் கேட்க வேண்டாம், கடைத்தெருவைப் பார்த்தால் போதும். ஜவுளிக்கடையில் கூட்டம் இருக்கும். தையல்காரர் ராத்திரி வெகுநேரம் வரை மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். மழை பொய்த்த வருஷத்தில் அதே தையல்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இருக்காது. ஆனாலும் மழை அவரையும் விடுவதில்லை. நிலத்தில் விளைந்த ஒரு ரூபாய், நிலமில்லாதவர் கையில் எவ்வளவாக வந்து சேர்கிறது?

இதை எண்ணிச் சொல்லும் கருவிக்குப் பெருக்கி என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடத்தில் ஒரு சூத்திரமாக வந்துபோகும். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அதன் கதையை யாரும் சொல்வதில்லை. பெருக்கி வளர்ந்தது இங்கிலாந்தில். இந்தியாவில் அது செல்லாது என்று வாதிட்டவர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அதைக் கிராமம் கிராமமாகப் போய் அளந்து பார்த்ததோ நம்முடைய பழைய வடாற்காடு மாவட்டத்தில்.

1920களில் இங்கிலாந்தில் வேலையில்லாதவர்கள் பெரும்பாலும் பத்து லட்சத்துக்கு மேலேயே இருந்தார்கள். 1929 தேர்தலில் லிபரல் கட்சித் தலைவர் லாயிட் ஜார்ஜ், அரசு கடன் வாங்கிச் சாலை போடும், வீடு கட்டும், அதனால் வேலை பெருகும் என்று வாக்குக் கொடுத்தார். கருவூலத்து அதிகாரிகள் ஒப்பவில்லை. நாட்டில் இருக்கிற சேமிப்பு இவ்வளவுதான், அதை அரசு எடுத்துக்கொண்டால் தனியாருக்கு அந்த அளவு குறையும், இங்கே பிறக்கும் வேலை அங்கே சாகும் என்பது அவர்கள் கணக்கு. பொருளியலாளர்களான கீன்ஸும் ஹியூபர்ட் ஹெண்டர்சனும் லாயிட் ஜார்ஜை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார்கள். சாலை போடுகிறவருக்கு மட்டுமல்ல, அவர் சாமான் வாங்கும் கடைக்காரருக்கும் வேலை பெருகும் என்றார்கள். எவ்வளவு பெருகும் என்று கேட்டால் சொல்ல அவர்களிடம் ஓர் எண் இல்லை.

அந்த எண்ணைக் கண்டவர் ரிச்சர்ட் கான், கேம்பிரிட்ஜில் கீன்ஸின் மாணவர். 1931 ஜூன் மாத 'எகனாமிக் ஜர்னல்' இதழில் அவர் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 25. அவர் கணக்கை நம் ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். முதல் கூலி 100 ரூபாய். வாங்கியவர் அதில் 80 ரூபாயைச் செலவு செய்கிறார். அது கடைக்காரரின் வருமானம். அவரும் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 64 ரூபாய், செலவு செய்கிறார். அடுத்தவர் 51 ரூபாய் 20 காசு. கூட்டிக்கொண்டே போனால் முடிவே வராது என்று தோன்றும். ஆனால் 500 ரூபாய்க்குமேல் அது போகாது. ஒவ்வொருவரும் பாதிதான் செலவு செய்கிறார்கள் என்றால் 200 ரூபாயில் நின்றுவிடும். நம் பக்கத்து ஏரிகள் இப்படித்தான். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர், அது கோடி போனால் அதற்கும் அடுத்ததற்கு. வழியெல்லாம் மண் குடிப்பதால், கீழே போகப் போக வந்து சேரும் தண்ணீர் குறைந்துகொண்டே வரும்.

கானுடைய திறமை முழுவதும் அந்தக் கசிவை எண்ணியதில் இருக்கிறது. மக்கள் சேமிப்பது ஒரு கசிவு. வெளிநாட்டுச் சரக்கு வாங்குவது ஒரு கசிவு. வேலை கிடைத்தவருக்கு இனிக் கொடுக்க வேண்டாத உதவித்தொகை அரசிடமே தங்கிவிடுவது இன்னொன்று. இவையெல்லாவற்றையும் கூட்டினால் முதலில் போட்ட அதே 100 ரூபாய் வருகிறது. ஆகவே செலவுக்கு முன்பே சேமிப்பு எங்கோ காத்திருக்க வேண்டும் என்பதில்லை, செலவே தன் சுற்றுகளில் அந்தச் சேமிப்பை உண்டாக்கிவிடுகிறது. கருவூலத்தாரின் வாதம் இந்த இடத்தில்தான் உடைந்தது. என் கண்ணில், நவீன பேரியல் பொருளாதாரத்தின் பிறப்பிடமும் இதுதான். ஒரு குடும்பத்துக்குச் சரியான கணக்கு ஒரு நாட்டுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் கூட்டல் கணக்காகவே போட்டுக் காட்டியது கானின் கட்டுரை.

பெருக்கி என்ற இந்தப் பிள்ளைக்குச் சொந்தம் கொண்டாட இன்னும் சிலர் உண்டு. ஆஸ்திரேலியாவில் பொருளியலாளர் கிப்ளின் 1930இலேயே இப்படியொரு கணக்குப் போட்டிருந்தார். பெருக்கி என்ற பெயரைப் பரப்பியது கீன்ஸ் 1933இல் எழுதிய 'செழிப்புக்கு வழி' என்ற கட்டுரைத் தொடர். 1936இல் வந்த அவருடைய 'பொதுக் கோட்பாடு' அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

வி. கே. ஆர். வி. ராவ் 1908இல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். கீன்ஸ் இருந்த காலத்திலேயே கேம்பிரிட்ஜில் படித்தார். இந்தியாவின் தேசிய வருமானத்தை முறையாகக் கணக்கிட்ட முன்னோடிகளில் ஒருவர். பின்னாளில் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை நிறுவினார். முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்த 1952இல், பெருக்கி இந்தியா போன்ற ஏழை நாட்டில் கீன்ஸ் சொன்னபடி வேலை செய்யாது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆசிரியர்களின் ஊருக்கே போய்ப் படித்துவிட்டு வந்து, அவர்கள் கொள்கையை நம் நிலத்தில் வைத்து உரசிப் பார்க்கும் துணிவு அதில் இருக்கிறது.

அவர் வாதம் இது. இங்கிலாந்தில் ஆலையும் சும்மா நின்றது, ஆளும் சும்மா நின்றார். தேவை கூடியதும் இரண்டும் ஓடின. இந்தியக் கிராமத்தில் ஆள் சும்மா இருப்பது வெளியில் தெரியாது. இரண்டு பேர் செய்யக்கூடிய வேலையை ஒரு குடும்பமே சேர்ந்து செய்துகொண்டிருக்கும். கூலிக்கு வேலை தேடி வாசலில் நிற்கிற தொழிலாளிதான் கீன்ஸ் கண்ட மனிதர். இங்கே பெரும்பாலோர் சொந்தத் துண்டு நிலத்திலோ சொந்தத் தறியிலோ உழைப்பவர்கள். கையில் காசு கூடினால் முதலில் வயிற்றுக்குத்தான் போகும். விவசாயி தன் நெல்லைத் தானே கூடுதலாகச் சாப்பிடுவார், சந்தைக்கு வரும் மூட்டை குறையும். நிலம் ஒரே நாளில் கூடுதலாக விளையாது. ஆகவே பணம் பெருகும், பண்டம் பெருகாது, விலைதான் ஏறும் என்றார் ராவ். அதிகம் உழை, அதிகம் சேமி என்ற பழைய மருந்தே இந்தியாவுக்குப் பொருந்தும் என்று முடித்தார். 1952 இந்தியாவைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். தண்ணீரும் விதையும் மாறாத வயலில் பெருக்கிக்கு வேலையில்லை.

தண்ணீரும் விதையும் மாறின. வடாற்காட்டில் ஏரிப் பாசனத்தோடு கிணறும் மின்மோட்டாரும் பெருகின. 1960களின் பின்பாதியிலிருந்து குட்டை ரக நெல் வந்தது. அதை அளக்க ஆட்களும் வந்தார்கள். இந்த மண்ணுக்கு அது புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் தூசி. 1973-74இல் பி. எச். ஃபார்மர் தலைமையில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடாற்காட்டுக் கிராமங்களில் வீடு வீடாக விவரம் சேகரித்தார்கள். ஆரணி வியாபாரிகளை பார்பரா ஹாரிஸ் அப்போதிருந்து பல முறை ஆராய்ந்தார். பிறகு பீட்டர் ஹேசலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் தங்கள் குழுவோடு 1982 முதல் 1984 வரை அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். அவர்கள் போன முதல் வருஷம் வறட்சி. கீழ்பென்னாத்தூர் அப்போது வடாற்காட்டில்தான் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்.

அவர்களுடைய புத்தகம் 1991இல் வந்தது. அதில் கிடைத்த விடை: விவசாயத்தில் ஒரு ரூபாய் வருமானம் கூடினால், வட்டாரத்தின் விவசாயமல்லாத தொழில்களில் மேலும் 87 காசு வருமானம் பிறக்கிறது. இதில் ஏறக்குறைய பாதி உரக்கடை, மோட்டார் பழுது பார்ப்பவர், அரிசி ஆலை, மண்டி, வண்டி வாடகை வழியாக வருகிறது. மறுபாதி, விவசாயக் குடும்பம் தன் வருமானத்தைச் செலவு செய்வதால் வருகிறது. துணி, டீக்கடை, வீட்டு வேலை, கல்யாணம் எல்லாம் இதில் அடங்கும். நம் தையல்காரரின் இடம் இந்த மறுபாதியில்.

அவர்கள் கணக்குப் போட்ட முறையில் ராவின் எதிர்ப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். தேவை கூடினால் நெல் விளைச்சல் தானாகக் கூடிவிடும் என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. விளைச்சல் தண்ணீராலும் விதையாலும்தான் கூடும். ஆனால் கடைத்தெருவின் உழைப்பு, தேவை வந்ததும் கூடும். ராவ் வயலைப் பார்த்துச் சொன்னதும் கான் ஆலையைப் பார்த்துச் சொன்னதும் வடாற்காட்டில் ஒரே கணக்கேட்டுக்குள் வந்துவிட்டன. இதற்காகவே இந்த ஆய்வை நம் கல்லூரிகளில் பாடமாக வைக்க வேண்டும். அதே சமயம், இந்த 87 காசுக்கு அடியில் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போனதையும், ஆழப்படுத்த முடியாத சிறு விவசாயிகள் பின்தங்கியதையும் இந்தப் பகுதியில் பிறகு நடந்த ஆய்வுகள் காட்டின. பெருக்கி கூட்டிச் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்பதைத் தானாகச் சொல்லாது.

வெளியுலகில் இதற்குள் பெருக்கியின் மதிப்பு இறங்கியிருந்தது. பொருளியலாளர்களான மில்டன் ஃப்ரீட்மனும் ராபர்ட் லூகாஸும் அரசு செலவின் பலனைச் சந்தேகித்தார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பிய அரசுகள் செலவை வெட்டின. நினைத்ததைவிடப் பெரிய அடி விழுந்தது. பெருக்கியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று 2013இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆலிவியர் பிளாஞ்சார்டும் டேனியல் லீயும் எழுதினார்கள்.

2006இல் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது திருவண்ணாமலையும் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் அந்த வேலை பெரும்பாலும் ஏரியில் நடந்ததால் பலர் வாயில் அது ஏரி வேலைதான். லாயிட் ஜார்ஜ் வாக்குக் கொடுத்த காரியம் கிராமத்துப் பெண்கள் கையில் மண்வெட்டியாக வந்தது. கூலியை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது சட்டம். பலரும் இதைக் கருணை சார்ந்த விதி என்று நினைக்கிறார்கள். பெருக்கியின் கணக்கில் அது வேறு மாதிரி. கூலி நேரத்துக்கு வந்தால் அந்த அம்மா அதைக் கடைத்தெருவில் செலவழிப்பார், அடுத்த சுற்று அங்கேயே தொடங்கும். இரண்டு மாதம் தாமதித்தால் அதற்குள் அவர் வட்டிக்கு வாங்கியிருப்பார். வரும் கூலியில் ஒரு பங்கு நேராக வட்டிக்காரர் பெட்டிக்குப் போகும், முதல் சுற்றிலேயே கசிந்துவிடும். அரசு போட்ட பணம் அதேதான், ஊருக்குக் கிடைக்கும் வருமானம்தான் குறைகிறது.