அன்றீக் அடிகளாரின் தமிழ் கற்கும் முறை

அன்றீக் அடிகளாரின் தமிழ் கற்கும் முறை என்பது, போர்த்துக்கீச இயேசு சபைத் துறவியான ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் (1520–1600) தமிழைப் பயில்வதற்குத் தாமே வகுத்துக்கொண்ட வழியாகும். இவர் தமிழில் அன்றீக் அடிகளார் என அறியப்படுகிறார். அயல்மொழியாளருக்கென எழுதப்பட்ட தமிழ் இலக்கணமோ அகராதியோ கையில் இல்லாத நிலையில், சொற்களையும் அவற்றின் வடிவங்களையும் கேட்டு, எழுதி, வகைப்படுத்தி இவர் இம்மொழியைக் கற்றார். இம்முயற்சியின் விளைவே 'ஆர்த்தெ த லிங்குவா மலபார்' என்னும் இலக்கண நூல். ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்டு இன்று கிடைக்கும் தமிழ் இலக்கணங்களுள் இதுவே மிகப் பழையது. அக்காலப் போர்த்துக்கீசர் தமிழை 'மலபார் மொழி' என்றே அழைத்தனர்.

பின்னணி

தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள புன்னைக்காயல், முத்துக்குளித்துறையின் பழைய துறைமுகங்களுள் ஒன்று. இவ்வூர் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. இக்கடற்கரையில் வாழ்ந்த பரதவர் 1530களில் பெருந்தொகையாகக் கிறித்தவம் தழுவினர். ஆனால் அவர்களிடையே பணியாற்ற வந்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது.

1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இருமொழியும் அறிந்தவர்களின் உதவியுடன் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து மக்களுக்குக் கற்பித்தார். பொருளும் இலக்கணமும் அறியாத மனப்பாடத்தின் இடர் விரைவில் தெரியவந்தது. விசுவாச அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. இதனைத் திருத்துமாறு சவேரியார் 1544இல் தம் உடன் பணியாளர் மன்சிலாசுக்கு எழுதினார். 'கடவுளை நம்புகிறேன்' என்பதற்கும் 'எனக்கு வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு சமயப் பணியில் சிறியதன்று.

பாவசங்கீர்த்தனத்திலும் சிக்கல் இருந்தது. மந்தணமாகக் கூறவேண்டியதை மக்கள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகக் கூற நேர்ந்தது.

கற்ற முறை

அன்றீக் அடிகளார் 1546இல் கோவாவுக்கும், அதன்பின் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். தமிழைப் படிக்கவும் எழுதவும் கற்குமாறு சவேரியார் அவரைப் பணித்தார். தாம் கற்ற விதத்தை 1548இல் வேம்பாற்றிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் விளக்கியுள்ளார். அவருடைய முறையின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* வினைச்சொற்களை இறந்தகாலம், எதிர்காலம் முதலிய வடிவங்களாகப் பிரித்து எழுதுதல்.
* பெயர்ச்சொற்களை வேற்றுமை வாரியாக அடுக்குதல்.
* வாக்கியத்தில் எச்சொல் முன்னும் எச்சொல் பின்னும் வரும் என்பதைக் குறித்துக்கொள்ளுதல்.
* கற்றதை மொழிபெயர்ப்பாளர் துணையின்றி மக்களிடம் உடனே பேசிப் பார்த்தல்.

பின்னர் புன்னைக்காயலில் குருக்கள் தமக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும் என்றும், தவறுவோர் தண்டம் ஏற்கவேண்டும் என்றும் விதி செய்துகொண்டனர்.

சொற்பட்டியல் மட்டும் போதாமைக்குத் தமிழின் அமைப்பே காரணம். 'வா' என்னும் பகுதியை அறிந்தவர் 'வருகிறேன்', 'வந்தேன்', 'வருவேன்', 'வாரான்' என்பவற்றைத் தாமே ஊகிக்க இயலாது. காலம், இடம், எண், பால் ஆகியவற்றுக்கேற்ப வினை மாறும். 'மரம்' என்னும் பெயர் 'மரத்தை', 'மரத்தில்' எனத் திரியும்.

இலக்கண நூல்

இந்நூலின் முதல் வடிவம் 1549 அளவில் உருவாயிற்று. விளக்கங்கள் போர்த்துக்கீச மொழியில் உள்ளன. பகுப்பு இலத்தீன் இலக்கணத்தைத் தழுவியது. இலத்தீன் அறியாதோர் சுவாவோ தெ பாரோசின் போர்த்துக்கீச இலக்கணத்தை (1540) முதலில் பயிலுமாறு இந்நூல் அறிவுறுத்துகிறது. செய்யுள் வழக்கைக் காட்டிலும் அக்காலக் கடற்கரை மக்களின் பேச்சு வழக்கையே இந்நூல் பெரிதும் பதிவு செய்வதால், தமிழ் மொழி வரலாற்றுக்கும் இது சான்றாகிறது.

இலத்தீன் சட்டகத்துக்கு எல்லையும் உண்டு. தமிழின் எதிர்மறை வினைமுற்று (எ.கா: 'செய்யேன்'), பெயரெச்சம் போன்றவற்றுக்கு இலத்தீனில் நேர் இணை இல்லை.

நூலின் கையெழுத்துப்படி லிசுபனிலுள்ள தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஹான்ஸ் பெர்மீர் 1982இல் இதனைப் பதிப்பித்தார். ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது.

விளைவு

இவ்வாறு கற்ற தமிழைக் கொண்டே அன்றீக் அடிகளார் தமிழ் நூல்களை உருவாக்கினார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டுக் கிடைத்துள்ள முதல் நூலாகும். அதனைத் தொடர்ந்து கிரீசித்தியானி வணக்கம் (1579), கொம்பெசியொனாயரு (1580), அடியார் வரலாறு (1586) ஆகியன வெளிவந்தன.

மின்னட்டை முறையுடன் ஒப்பீடு

வீட்டிலிருந்தே அயல்மொழி பயில்வோர் இன்று மின்னட்டைகளைப் பயன்படுத்துகின்றனர். அட்டையின் ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் இருக்கும். விடையைப் பார்க்குமுன் நினைவுகூர முயல்வதே இதன் அடிப்படை. செருமானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் வெளியிட்ட நூல், இவ்வட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கும் முறையைப் பரவலாக்கியது. சரியாக விடை கூறிய அட்டை அடுத்த பெட்டிக்குச் செல்லும். தவறியது முதற்பெட்டிக்குத் திரும்பும். இதனால் தெரியாத சொல் அடிக்கடியும், தெரிந்த சொல் அரிதாகவும் மீளப் பார்க்கப்படுகின்றன.

அன்றீக் அடிகளார் பயன்படுத்தியது இம்முறையன்று. எனினும் அவருடைய வகைப்பாட்டை அட்டைக்கு எளிதில் பொருத்தலாம். ஒருபுறம் 'வா – தன்மை, ஒருமை, இறந்தகாலம்' என்றும், மறுபுறம் 'வந்தேன்' என்றும் எழுதினால் சொல்லுடன் இலக்கணமும் பயிற்சியாகும். தனிச்சொல்லுக்குப் பதிலாகச் சிறு வாக்கியத்தை எழுதினால் சொல்வரிசையும் மனத்தில் பதியும். ஆனால் ஒலிப்பையும் உரையாடலையும் அட்டையால் மட்டும் கற்க முடியாது. அவற்றுக்கு, புன்னைக்காயலில் செய்ததைப் போல, அம்மொழியிலேயே பேசிப் பழகுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* தம்பிரான் வணக்கம்
* புன்னைக்காயல்
* முத்துக்குளித்துறை
* மின்னட்டை